உளவியல் படிப்பதென்று முடிவாகிவிட்டது, எந்தக் கிளை? மலேசிய மாணவருக்கான ஓர் ஒப்பீடு

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வெளிவரும் ஒவ்வொரு முறையும் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஒரே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் வந்து சேர்கிறது. "மகள் சைக்காலஜி படிக்க வேண்டும் என்கிறாள், கிளினிக்கல் எடுக்கச் சொல்வதா, கவுன்சலிங் எடுக்கச் சொல்வதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். (கிளினிக்கல் என்பது மருத்துவ உளவியல், கவுன்சலிங் என்பது ஆலோசனைத் துறை.) மாணவர்களோ, மனித மனத்தைப் புரிந்துகொள்ளும் ஆர்வம் தங்களுக்கு இருப்பதாகவும், யூபியூ என்னும் பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பத்தில் எந்தப் படிப்பை முதலாவதாகப் போடுவது என்பதுதான் குழப்பம் என்றும் எழுதுகிறார்கள். ஆர்வத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முடியாது. ஏனென்றால் கீழே வரும் எல்லாக் கிளைகளும் மனித மனத்தைப் பற்றியவைதாம். படிப்பு முடிந்தபின் பார்க்கப்போகும் வேலை எது, அந்த வேலைக்கு மலேசியச் சட்டம் என்ன தகுதி கேட்கிறது என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வருவதே சரியான முறை என்பது என் கருத்து. இக்கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பியவர்கள்

உளவியல் தனி அறிவியலாகத் தலையெடுத்த ஆண்டாக 1879ஐக் குறிப்பிடுவது வழக்கம். அந்த ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். ஓர் ஒலியைக் கேட்டவுடன் விரலை எடுக்க மனிதருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது போன்றவற்றை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் கருவிகளைக்கொண்டு அங்கே அளந்தார்கள். யாருடைய துயரத்தையும் தீர்ப்பது வுண்ட்டின் நோக்கமாக இருக்கவில்லை. ஆனால் அவரிடம் பயின்றவர்கள் அந்த அளக்கும் பழக்கத்தை வெவ்வேறு இடங்களுக்கு எடுத்துச் சென்றார்கள். லைட்னர் விட்மர் அதைச் சிகிச்சை நிலையத்துக்கும், ஹூகோ முன்ஸ்டர்பர்க் தொழிற்கூடத்துக்கும், எமில் கிரெப்பலின் மனநல மருத்துவமனைக்கும், சார்ல்ஸ் ஸ்பியர்மன் அறிவுத்திறன் சோதனைக்கும் கொண்டுபோனார்கள். இன்று மாணவர்கள் திகைத்து நிற்கும் கிளைகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவில் தொடங்கியவை. ஆலோசனைத் துறை மட்டும் வேறு வழியாக வந்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

வேலை வகையில் கிளைகள் பிரிந்தது ஒரு கதை; மனத்தை எப்படி விளக்குவது என்ற சண்டை இன்னொரு கதை. 1899இன் இறுதியில் வெளிவந்த கனவு பற்றிய நூலின் மூலம் சிக்மண்ட் ஃபிராய்டு, நாம் அறியாத விருப்பங்களே நம்மை நடத்துகின்றன என்றார். 1913இல் ஜான் வாட்சன், கண்ணுக்குத் தெரியாத மனத்தை விட்டுவிட்டு நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்று அறைகூவினார். நூற்றாண்டின் நடுப்பகுதியில் கார்ல் ராஜர்ஸ், மனிதரைக் கோளாறுகளின் மூட்டையாகப் பார்க்கும் வழக்கத்தையே மறுத்தார். 1960களில் ஆரன் பெக், ஒருவர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை மையமாக்கினார். பாடநூல்கள் இவற்றை அடுத்தடுத்து வந்து மறைந்த ஆட்சிகளைப்போல வரிசைப்படுத்துகின்றன. உண்மையில் ஒவ்வொரு கிளையும் இவற்றில் ஒன்றை முதன்மையாக வரித்துக்கொண்டு இன்றும் அதன்படி மாணவரைப் பழக்குகிறது.

மலேசியாவில் உளவியல் பல்கலைக்கழகத் துறையாக வந்தது மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில், 1979இல். லைப்சிக்கிலிருந்து சரியாக நூறு ஆண்டு. நம் ஊரில் இத்துறையின் சட்டங்களும் பதவிகளும் இன்னும் இளையவை என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, அன்றாடம் எதிரே வந்து உட்காரப்போகிறவர் யார் என்பது. கடுமையான மனச்சோர்வில் இருப்பவரும், மணமுறிவின் விளிம்பில் இருப்பவரும், வேலைக்கு விண்ணப்பித்தவரும் மூன்று வேறுபட்ட மனிதர்கள். அவர்களோடு பத்து ஆண்டு உட்கார வேண்டிய மனநிலைகளும் மூன்று. இரண்டாவது, சட்டத்தின் வாசல்: எந்தப் பட்டத்தோடு, எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் அந்த வேலையைச் செய்யலாம்? மூன்றாவது, எந்தக் கோட்பாட்டைக்கொண்டு சிந்திக்கப் பழக்குவார்கள் என்பது. நான்காவது, காலமும் பணமும். இதில் விளம்பரத் தாளில் வராத செலவுகளே அதிகம். ஐந்தாவது, தமிழ் தெரிந்திருப்பது அந்த வேலையில் எவ்வளவு பயன்படும் என்பது. இந்த ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. நான் அதை முக்கியமாகக் கருதுகிறேன்.

சம்பளத்தைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. அரசுப் பணி, தனியார் மருத்துவமனை, சொந்த நிலையம், தொழிற்சாலை என்று இடத்துக்கு இடம் அது மாறுவதால், கிளையை வைத்து அதை முன்கூட்டியே சொல்வது ஏமாற்று வேலையாகிவிடும்.

மருத்துவ உளவியல்

பிலடெல்பியாவில் 1896ஆம் ஆண்டு ஒரு பள்ளி ஆசிரியை, எழுத்துக்கூட்டத் திணறிய ஒரு சிறுவனை விட்மரிடம் அழைத்து வந்தார். உலகின் முதல் உளவியல் சிகிச்சை நிலையம் அந்தச் சிறுவனோடுதான் தொடங்கியது. விட்மர் அவனுக்கு அறிவுரை கூறவில்லை, சோதித்தார். கண்பார்வைக் கோளாறு ஒன்றும் அதில் சம்பந்தப்பட்டிருப்பதைக் கண்டார், கண்ணாடிக்கும் தனிப்பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தார். சோதி, காரணத்தைக் கண்டுபிடி, தலையிடு, மீண்டும் அளந்து பார் என்ற அந்த ஒழுங்கு இன்றும் இக்கிளையின் முதுகெலும்பு.

அந்த ஒழுங்கு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை ஒரு சோதனையைக்கொண்டு காட்டலாம். மேசையில் சிவப்பும் வெள்ளையுமான கட்டைகள் இருக்கும். அட்டையில் உள்ள வடிவத்தைப்போலக் கட்டைகளை அடுக்கும்படி குழந்தையிடம் சொல்லிவிட்டு, உளவியலாளர் நேரத்தைக் குறித்துக்கொள்வார். குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்தால் மதிப்பெண் உண்டு. ஆனால் நல்ல உளவியலாளர் மதிப்பெண்ணோடு நிறுத்துவதில்லை: குழந்தை ஒவ்வொரு கட்டையையும் வைத்தபின் பெரியவரின் முகத்தைப் பார்க்கிறதா, தவறு தெரிந்ததும் முழுவதையும் கலைத்துவிடுகிறதா, கடைசிக் கட்டையில் மட்டும் தடுமாறுகிறதா என்று குறிப்பெழுதிக்கொண்டிருப்பார். இந்த நுணுக்கமான, பொறுமையான வேலை சலிப்பூட்டும் என்று தோன்றினால், இக்கிளை உங்களுக்கு உகந்ததன்று.

சிகிச்சையில் இன்று முன்னணியில் இருப்பது எண்ணங்களையும் நடத்தையையும் ஒருங்கே கையாளும் முறை. அதன் நடத்தைப் பக்கம் வாட்சனுக்குப் பிந்தையது: மேரி கவர் ஜோன்ஸ் 1924இல், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்தபடியே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து அச்சத்தைப் போக்கிய பதிவை வெளியிட்டார். எண்ணப் பக்கம் பெக்கினுடையது. ஃபிராய்டு வழி மனப்பகுப்பாய்வில் பயின்ற அவர், மனச்சோர்வில் இருப்பவர்களிடம் திரும்பத் திரும்ப ஒரே வகையான எண்ணங்கள் தாமாக எழுவதைக் கவனித்து, 1961இல் 21 கேள்விகள் கொண்ட அளவைத் தாளை உருவாக்கினார். அலுவலகத்தில் மேலாளர் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போனால், "அவருக்கு ஏதோ அவசரம்" என்று ஒருவர் நினைக்கிறார். "என்னை வேலையை விட்டு நீக்கப்போகிறார்கள்" என்று இன்னொருவர் நினைக்கிறார். இரண்டாமவரிடம் அந்த எண்ணத்துக்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று அவரோடு சேர்ந்தே ஆராய்வது சிகிச்சையின் ஒரு பகுதி.

புள்ளியியல் இக்கிளையில் தப்ப முடியாத பாடம். ஹன்ஸ் ஐசெங்க் 1952இல், அன்றைய பேச்சுச் சிகிச்சைகளால் குணமானவர்களின் விழுக்காடு, சிகிச்சையின்றித் தாமாகவே தேறியவர்களைவிட அதிகமில்லை என்று எழுதிப் புயலைக் கிளப்பினார். அவர் கணக்கில் குறை கண்டவர்கள் பலர். ஆயினும் அதன்பின் எந்தச் சிகிச்சையும் ஒப்பீட்டுச் சோதனையில் தேற வேண்டும் என்ற நிலை வந்தது. கணக்கிலிருந்து தப்பிக்க உளவியலுக்கு வருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். முதல் பருவத்திலேயே அவர்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது.

மலேசியாவில் இப்பணி 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் (சட்டம் 774) கீழ் வருகிறது. இளநிலைப் பட்டம் போதாது. மருத்துவ உளவியலில் முதுநிலைப் பட்டம் வேண்டும். மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், ஹெல்ப் பல்கலைக்கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் போன்றவை அதை நடத்துகின்றன. மறைந்திருக்கும் செலவு இங்கேதான் இருக்கிறது. முதுநிலையில் ஒவ்வொரு சேர்க்கைக்கும் இடங்கள் மிகக் குறைவு. இளநிலை முடித்த பலர் அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் காலத்தில் வேறு வேலைகளுக்குப் போய்விடுகிறார்கள். இடம் கிடைத்தபின் மருத்துவமனைப் பயிற்சியும் ஆய்வேடும் சேர்ந்துகொள்வதால், அந்த ஆண்டுகளில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பது ஏறக்குறைய இயலாது. குடும்பத்துக்குச் சம்பளம் அனுப்ப வேண்டிய நிலையில் உள்ள மாணவர் இதைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழின் பயன் இங்கே ஒரு சிக்கலோடு வருகிறது. செந்தூலில் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் குழந்தையிடம் சொல்வளச் சோதனையை மலாயிலோ ஆங்கிலத்திலோ நடத்தினால், அளக்கப்படுவது குழந்தையின் திறனா, அந்த மொழியோடு அதற்குள்ள பழக்கமா? 'ல', 'ள', 'ழ' மூன்றையும் மாற்றி எழுதும் குழந்தைக்கு வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா, அல்லது வீட்டில் அந்த ஒலிவேறுபாடே கேட்கப்படவில்லையா? தமிழறிந்த உளவியலாளர் ஒருவர் இந்தக் கேள்வியை எழுப்புவதே பெரிய உதவி. 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில் இதற்குத் தேவை இருக்கிறது என்று வாதிட வேண்டியதில்லை.

ஆலோசனைத் துறை

வுண்ட்டின் ஆய்வுக்கூடத்தோடு தொடர்பில்லாத கிளை இது. பாஸ்டன் நகரில் 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், ஏழை இளைஞர்களுக்கு வேலை தேர்ந்தெடுக்க உதவும் அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்பதே அவருடைய முறை. (இக்கட்டுரையைப் படிப்பவர் இப்போது செய்துகொண்டிருப்பதும் அதுதான்.) ஆனால் இத்துறைக்கு உயிர் கொடுத்தவர் ராஜர்ஸ். இறையியல் படிக்கத் தொடங்கி உளவியலுக்கு மாறிய அவர், ஆலோசகரின் நுட்பங்களைவிட மூன்று பண்புகளே மாற்றத்தைக் கொண்டுவருகின்றன என்று 1957இல் வாதிட்டார்: எதிரிலிருப்பவரின் நிலையிலிருந்து உணர்தல், நிபந்தனையின்றி ஏற்றல், வேடம் போடாமலிருத்தல்.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. பயிற்சியில் இறங்கியவர்களுக்கே அதன் கடினம் தெரியும். ராஜர்ஸ் 1940களில் உரையாடல்களை ஒலித்தட்டில் பதிவுசெய்து, ஒரு சிகிச்சையின் முழு உரையாடலையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். அந்த வழக்கம் இன்றும் பயிற்சியில் தொடர்கிறது. வந்தவரின் ஒப்புதலோடு உரையாடலைப் பதிவுசெய்து, அதை எழுத்தில் இறக்கி, மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். வந்தவர் "எனக்கு இப்ப எதுலயும் பிடிப்பே இல்லங்க" என்கிறார். மாணவ ஆலோசகர் "அப்படியெல்லாம் நினைக்காதீங்கக்கா, எல்லாம் சரியாகிடும்" என்கிறார். மேற்பார்வையாளர் அந்த வரியை வட்டமிட்டு, "யாருடைய பதற்றத்தைத் தணிக்க இதைச் சொன்னாய்?" என்று ஓரத்தில் எழுதுகிறார். ஆறுதல் சொல்லும் நம் குடும்பப் பழக்கம் முழுவதையும் இப்படி வரி வரியாகக் களைந்தெடுக்க வேண்டியிருக்கும். 'எல்லாரும் என்னிடம்தான் வந்து மனம்விட்டுப் பேசுவார்கள், அதனால் இத்துறை எனக்குப் பொருந்தும்' என்று நினைக்கும் மாணவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

சட்டத்தைப் பொறுத்தவரை இக்கிளையின் வாசல் தெளிவானது. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்படி (சட்டம் 580), ஆலோசகர் வாரியத்தில் பதிந்து பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர் மட்டுமே ஆலோசகர் என்று தம்மை அழைத்துக்கொண்டு தொழில் செய்யலாம். வாரியம் ஏற்கும் ஆலோசனைத் துறை இளநிலைப் பட்டத்தோடே இந்தப் பதிவுக்குப் போக முடியும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அத்தகைய பட்டம் உண்டு. வேறு துறையில் பட்டம் பெற்றவர்களும் ஆலோசனையில் முதுநிலை படித்து இங்கு வரலாம். மருத்துவ உளவியலோடு ஒப்பிட்டால் இது பெரிய வேறுபாடு. ஒரே வயதில் இரு பிள்ளைகள் தொடங்கினால், ஆலோசனை படித்தவர் தொழிலுக்கு வந்து ஓரிரு ஆண்டுகள் கடந்த பிறகும் மற்றவர் பயிற்சியில் இருப்பார்.

மறைந்திருக்கும் செலவுகள் பணமாக வருவதில்லை. பள்ளியில் ஆலோசனை ஆசிரியராகச் சேர்பவருக்குக் கோப்புகளும் நிகழ்ச்சி ஏற்பாடுகளும் வந்து சேரும். மாணவரோடு உட்காரும் நேரத்தை அவர் பிடுங்கித்தான் வாங்க வேண்டும். தனியாக நிலையம் நடத்தி நிலைபெறப் பல ஆண்டுகள் பிடிக்கும். இன்னொன்று, நம் சமூகத்தின் அளவு. பட்டர்வொர்த்திலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ இருக்கும் தமிழ் ஆலோசகர், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியிலோ பத்துமலையிலோ, போன வாரம் தம் அறையில் அழுதவரைக் குடும்பத்தோடு எதிர்கொள்ள நேரும். தாமாக முந்தி வணக்கம் சொல்லாமல், அவர் தெரிந்தவர்போலக் காட்டிக்கொண்டால் மட்டும் பதிலுக்குப் புன்னகைப்பதே முறை. உறவினர், நண்பரின் நண்பர், கோயில் நிர்வாகக் குழுவில் உடனிருப்பவர் என்று வருபவர்களை வேறொருவரிடம் அனுப்பிவைக்கவும் வேண்டியிருக்கும். பெரிய நகரத்தில் முன்பின் அறியாதவர்களிடையே தொழில் செய்பவருக்கு இந்தப் பாரம் இல்லை.

தமிழ் மிக அதிகமாகப் பயன்படும் கிளையும் இதுவே. தோட்டத்தில் வளர்ந்து நகரத்துக்கு வந்த ஒரு தாய், மனச்சோர்வு என்ற சொல்லைச் சொல்லமாட்டார். "நெஞ்சு படபடங்குது, ராத்திரி கண்ண மூட முடியல" என்பார். அந்தச் சொற்களிலேயே உரையாடலைக் கொண்டுசெல்லத் தெரிந்தவர் தேவை.

தொழில், நிறுவன உளவியல்

பினாங்கு மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய தடையற்ற வணிகத் தொழில்மண்டலம் அவர்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. இங்கே எதிரே உட்காருபவர் நோயாளியல்லர். வேலைக்கு விண்ணப்பித்தவர், சுழல்முறை வேலைநேரத்தில் களைத்துப்போன தொழிலாளி, அல்லது பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் மேற்பார்வையாளர்.

முன்ஸ்டர்பர்க் அமெரிக்காவுக்குச் சென்றபின், பாஸ்டன் டிராம் ஓட்டுநர்களில் விபத்துக்கு ஆளாகக்கூடியவர்களைச் சோதனையின் மூலம் முன்னறிய முயன்றார். 1913இல் தொழில்திறன் பற்றிய அவருடைய நூல் ஆங்கிலத்தில் வந்தது. அடுத்த பெரிய நிகழ்வு, சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள். தொலைபேசிக் கருவிப் பாகங்களைப் பொருத்தும் பெண்களைத் தனியறையில் அமர்த்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எதை மாற்றினாலும் உற்பத்தி உயர்ந்தது. கவனிக்கப்படுவதே மனிதரை மாற்றுகிறது என்ற முடிவு பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ஆனால் ஒத்துழைக்கவில்லை என்று கூறி 1928இல் இரு பெண்களை அந்த அறையிலிருந்து நீக்கி, வேறு இருவரைச் சேர்த்தார்கள் என்பதைப் பல வகுப்பறைகள் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. நீக்கப்பட்ட இருவரையும் கணக்கில் கொண்டால் அந்த முடிவு அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

இக்கிளையின் மறைமுகச் செலவையும் அந்த இரு பெண்களே காட்டுகிறார்கள். ஊதியம் கொடுப்பவர் நிறுவனம், ஆராயப்படுபவர் தொழிலாளி. ஆட்குறைப்புக்கு அளவுகோல் தயாரித்துக் கொடுக்கும்படி ஒருநாள் கேட்பார்கள். அதற்கு மனம் ஒப்புமா என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். அடுத்த செலவு போட்டி: ஆலோசகருக்கோ மருத்துவ உளவியலாளருக்கோ இருப்பதுபோன்ற பதிவுச் சட்டம் இங்கே இல்லை. நுழைவது எளிது, ஆனால் மனிதவளத் துறையின் அதே பதவிக்கு வணிகவியல் பட்டதாரியும் வருவார். அவரிடமிருந்து உளவியல் பட்டதாரியை வேறுபடுத்துவது அளவியல், அதாவது மனிதரின் திறன்களைச் சோதனைகளால் அளக்கும் அறிவு ஒன்றே. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவில் மதிப்பிடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட வேலைத்திறனை நன்றாக முன்னறிகிறது என்பது பலமுறை உறுதியான முடிவு. இதை நிறுவிக்காட்டத் தெரிந்தவருக்கே இத்துறையில் மதிப்பு.

இளநிலையோடு சம்பாதிக்க வேண்டிய கட்டாயமும் எண்களோடு நட்பும் உள்ளவருக்கு இதைவிடப் பொருத்தமான கிளை இல்லை. தமிழ் இங்கே அதிகம் பயன்படாது.

மனநல மருத்துவம்

இது உளவியலின் கிளையன்று, மருத்துவத்தின் கிளை; ஆயினும் பெற்றோர் இரண்டையும் ஒன்றாகவே கேட்பதால் ஒப்பிட வேண்டியிருக்கிறது. மனநோய்களை அவை செல்லும் போக்கை வைத்து வகைப்படுத்திய கிரெப்பலின், 1904இல் ஜாவாத் தீவுக்கு வந்து, ஐரோப்பாவில் தாம் கண்ட நோய்கள் இங்கேயும் உண்டா என்று ஆராய்ந்தார். நம் பக்கத்திலேயே பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் பெரிய மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்த ஊர்ப்பெயரைக் கேலிச்சொல்லாகப் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடம் இன்றும் இருப்பதே, இத்துறைக்கு எத்தகைய மனத்தடையைக் கடந்து வர வேண்டும் என்பதைச் சொல்லும். 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் மருந்து மனநோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியபின் மருந்துச் சிகிச்சை மருத்துவமனைகளின் முகத்தை மாற்றியது. மருந்து எழுதும் உரிமை மலேசியாவில் மருத்துவருக்கு மட்டுமே உண்டு, உளவியலாளருக்கு இல்லை.

ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு, ஈராண்டு ஹவுஸ்மேன் (பயிற்சி மருத்துவர்) பணி, பிறகு நான்காண்டு முதுநிலைச் சிறப்புப் பயிற்சி. இடையே காத்திருப்பு வேறு. மருத்துவத்தில் இடம் கிடைக்கும் அளவுக்குத் தேர்ச்சியும், உடலையும் மூளையையும் பற்றிய ஆர்வமும் இருப்பவர் மட்டும் இதை எண்ணிப்பார்க்கலாம். "மருத்துவம் கிடைக்கவில்லை, அதனால் உளவியல்" என்று வருபவருக்கு மருத்துவ உளவியலும் நிறைவு தராது என்பது என் அனுபவம்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | மருத்துவ உளவியல் | ஆலோசனை | தொழில் உளவியல் | மனநல மருத்துவம் |
|---|---|---|---|---|
| எதிரே இருப்பவர் | மனநலக் கோளாறு அல்லது வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர் | வாழ்க்கைச் சிக்கலில் இருப்பவர் | பணியாளர், விண்ணப்பதாரர் | நோயாளி, பெரும்பாலும் கடுமையான நிலையில் |
| தொழிலுக்கான பட்டம் | முதுநிலை | ஏற்கப்பட்ட இளநிலை அல்லது முதுநிலை | இளநிலை போதும், முதுநிலை உதவும் | மருத்துவப் பட்டமும் சிறப்புப் பயிற்சியும் |
| சட்டப் பதிவு | சட்டம் 774 | சட்டம் 580 | இல்லை | மருத்துவப் பதிவு |
| முதன்மைக் கோட்பாடு | எண்ணமும் நடத்தையும் | ராஜர்ஸ் வழி மனிதநேயம் | அளவியல், பணி ஊக்கம் | உயிரியல், நோய் வகைப்பாடு |
| மறைந்திருக்கும் செலவு | முதுநிலை இடத்துக்கான காத்திருப்பு | மனப் பாரம், சிறிய சமூகத்தில் எல்லை காத்தல் | இரண்டு பக்க விசுவாசம், போட்டி | பத்தாண்டுக்கும் மேற்பட்ட காலம் |
| தமிழின் பயன் | சோதனையில் மிகுதி | எல்லாவற்றிலும் மிகுதி | குறைவு | நோயாளியைக் கேட்பதில் மிகுதி |

கல்வி உளவியலை அட்டவணையில் சேர்க்கவில்லை. பாரிஸ் பள்ளிகளில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை இனங்காண ஆல்ஃபிரெட் பினே 1905இல் தயாரித்த சோதனையிலிருந்து வந்த மதிப்புமிக்க கிளைதான் அது. ஆனால் நம் நாட்டில் அது பெரும்பாலும் ஆசிரியப் பணியோடும் சிறப்புக் கல்வியோடும் இணைந்தே வருகிறது. ஆசிரியராக விரும்புபவர் அந்த வழியில் நுழைந்து பின்னர் ஆழப்படுத்திக்கொள்ளலாம்.

ஆய்வுத் துறையை விரும்புபவர்கள் சிலரே. அவர்களுக்கு ஒரு சொல். 2015இல் வெளியான ஒரு கூட்டு முயற்சி, வெளிவந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவையே முன்பு கண்ட முடிவை மீண்டும் தந்தன. 2010இல் இன்னொரு கட்டுரை, ஆய்வுகளில் பங்கேற்போர் பெரும்பாலும் மேற்கத்திய, படித்த, வசதியான சமூகத்தினரே என்று சுட்டிக்காட்டியது. பினாங்கில் மூன்று மொழி பேசி வளரும் குழந்தைகளைப் பற்றி யாராவது கவனமாக ஆராய்ந்தால், அது வெறும் உள்ளூர்ச் செய்தியாக நின்றுவிடாது.

பொது உளவியல் பட்டம் என்னும் இடைவழி

முடிவெடுக்க முடியாதவர்கள் பொது உளவியல் இளநிலையில் சேர்கிறார்கள். வரலாறு, கிளைகள், கோட்பாடுகள் எல்லாம் ஓரளவு கிடைக்கும் என்பதால் அறிவளவில் அது நல்ல முடிவு. தொழிலளவில் அதன் நிலை வேறு. அந்தப் பட்டம் மட்டும் ஒருவரை மருத்துவ உளவியலாளராகவும் ஆக்காது, ஆலோசகராகப் பதியவும் உதவாது. இதைக் கல்லூரிகளின் கண்காட்சிக் கூடங்களில் உரக்கச் சொல்வோர் குறைவு. தனியார் கல்லூரியில் பிடிபிடிஎன் என்னும் அரசு உயர்கல்விக் கடனோடு அதை முடித்துவிட்டு, முதுநிலைக்குப் பணமின்றி நிற்கும் பட்டதாரிகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளம்.

ஆகவே என் பரிந்துரை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆலோசகராக வேண்டும் என்பதில் உறுதியுள்ளவர் பொது உளவியலைச் சுற்றிக்கொண்டு வர வேண்டாம். நேரடியாக ஆலோசனைப் பட்டத்தில் சேரலாம். மருத்துவ உளவியலை விரும்புபவருக்குப் பொது உளவியல் தவிர்க்க முடியாத படி. அவர் முதல் ஆண்டிலிருந்தே புள்ளியியலிலும் இறுதியாண்டு ஆய்வேட்டிலும் உயர்ந்த தேர்ச்சியைக் குறிவைக்க வேண்டும், நான்காம் ஆண்டில் விழித்துக்கொண்டால் பயனில்லை. குடும்பச் சூழலால் இளநிலையோடு நிறுத்த வேண்டியிருக்கும் என்று தெரிந்தவர், தொழில் உளவியலையோ ஆலோசனையையோ எடுப்பதே பாதுகாப்பு. எதிலும் உறுதியில்லாமல், பணமும் காலமும் ஓரளவு இருப்பவருக்கு மட்டுமே பொதுப் பட்டத்தைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

எந்த வழியானாலும், சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு பட்டியல்களைப் பார்த்துவிட வேண்டும். அந்தப் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறதா என்பது ஒன்று. ஆலோசனைப் படிப்பாயின், ஆலோசகர் வாரியம் அதை ஏற்கிறதா என்பது மற்றொன்று. கல்லூரியின் விற்பனைப் பிரிவினர் வாயால் சொல்லும் உறுதிமொழியை ஏற்காமல், படிப்பின் முழுப்பெயரையும் சேரும் ஆண்டையும் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவ உளவியலை எண்ணிச் சேர்பவர், அந்த இளநிலைப் பட்டத்தை முதுநிலைச் சேர்க்கைக்கு எந்தெந்தப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன என்பதையும் அதே கடிதத்தில் கேட்கலாம்.